மாதக் கடைசிக்குக் கைகொடுக்கும் கொள்ளு

1. கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, நீர் தாராளமாக விட்டுக் குழையாமல் வேகவைத்து, வெந்த நீரை இறுத்து, அதாவது வடித்தெடுத்து, தனியே வைக்கவும். புளியும் மிளகும் பூண்டும் சேர்ந்தால் அந்நீர் ரசமாகவும், கொள்ளு தாளிப்புடன் சுண்டலாகவும் அமைவதால், ஒரே எரிபொருள் செலவில் இரு உணவுகள் கிடைக்கின்றன. மிஞ்சும் சுண்டலை மறுநாள் வற்றல் மிளகாயுடன் துவையலாக அரைக்கவும். சுண்டலாகவே மீண்டும் வைத்தால் வீட்டில் எவரும் தொடுவதில்லை.

2. பீர்க்கங்காய்த் தோலின் முற்றிய நரம்புகளை மட்டும் சீவி நீக்கி, எஞ்சியதை வறுத்த உளுந்து, மிளகாய், புளியுடன் வதக்கி அரைக்கவும். காய் கூட்டுக்குப் போனபின் எறியப்படும் தோலே சோற்றுக்குத் தொடுகறியாகிறது.

3. புளித்த மாவில் ரவையும் வெங்காயமும் கலந்து பணியாரம் சுடவும்; ரவை புளிப்பைத் தணிக்கும்.