சைக்கிளை வீட்டிலேயே பேணுவோம்

கிராம வாழ்வில் சைக்கிள் ஆற்றும் தொண்டு சிறிதன்று. பால் கேனும் உர மூட்டையும் அதன்மேல் செல்கின்றன. பிள்ளைகள் தொலைவிலுள்ள பள்ளியை அடைவதும் அதனாலேயே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டனர். 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் விரிவடைந்தது.

ஆயினும், இவ்வண்டிகளுள் சில ஓரிரு மழைக்காலத்திற்குள்ளாகவே துருவேறிச் சுவரோரம் சாய்ந்து கிடப்பதைக் காண்கிறோம். வண்டி நின்றால் அதை நம்பியுள்ள பெண்ணின் படிப்பும் தடைப்படக்கூடும். வாரத்திற்குக் கால் மணி நேரம் செலவிட்டால் இந்நிலையைத் தவிர்க்கலாம்.

துடைத்தல்

சைக்கிளுக்குப் பகை இரண்டு: மண்ணும் ஈரமும். சேற்றில் சென்று திரும்பிய வண்டியின்மேல் குழாய்நீரைப் பீய்ச்சி அடிப்பது தவறு. நீர் சக்கரத்தின் நடுக்குடத்தினுள் புகுந்து, அங்குள்ள கிரீசைக் கெடுத்துக் குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஈரத் துணியால் சேற்றைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தலே முறை. உரம் அல்லது உப்பு ஏற்றிச் சென்ற நாளில் இதனைத் தள்ளிப்போடலாகாது. அவை இரும்பை விரைவில் அரிக்கும்.

செயின்

செயின் கரகரத்தால் உடனே எண்ணெய் விடுவது நம்மிற் பலரின் வழக்கம். அழுக்கின்மேல் விடும் எண்ணெய் மண்ணுடன் கலந்து அரைக்கும் சாந்தாகி, செயினையும் பற்சக்கரத்தையும் தேய்க்கிறது. ஆதலின், முதலில் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் அழுக்கை நீக்குக. நன்கு உலர்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு இயந்திர எண்ணெய் விட்டு, பெடலைப் பலமுறை சுற்றி, வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுக. தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். அதனை விடுதல் கூடாது.

செயினின் தேய்மானத்தை அடிக்கோலால் அறியலாம். புதிய செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ⅛ அங்குலம் மிகுந்திருப்பின் செயினை மாற்றுதல் நலம். காலம் கடத்தினால் பற்சக்கரமும் கெடும், செலவு பெருகும்.

பிரேக்கும் டயரும்

வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும். பிரேக் ரப்பர் தேய்ந்திருப்பின் அன்றே மாற்றுக. சக்கர வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெயும் படலாகாது. ஏரிக்கரைச் சரிவில் தம்பியைப் பின்னால் ஏற்றி இறங்கும் சிறுவனுக்கு இந்த ரப்பர்த் துண்டே காவல் என்பதை மறத்தல் கூடாது.

காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏற்றினால், வளையத்திற்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். பஞ்சர் ஒட்டியதும் டியூபைப் பொருத்திவிடாமல், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். கருவேல முள் அங்கேயே தங்கியிருந்தால் மறுநாளும் பஞ்சர்தான்.

நடுக்குடத்தைப் பிரித்து கிரீஸ் இடுதல், கோணிய சக்கரத்தை நேராக்குதல் ஆகிய வேலைகளைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுக. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்திற்கு முன் இதனைச் செய்வித்தல் போதும்.

ஊராட்சி செய்யக்கூடியது

காற்றடிக்கும் பம்ப் ஒன்று, சில ஸ்பானர்கள், ஓர் எண்ணெய்க் குப்பி ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ பொதுவில் வைக்கலாம். விடுமுறை நாளில் ஊர் மெக்கானிக்கை அழைத்து, மாணவ மாணவியருக்கு ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்லலாம். செலவு சொற்பம், ஆனால் காலையில் பள்ளிக்குப் புறப்படும் ஒரு பிள்ளையும் வழியில் நின்றுவிடாதிருக்க அது உதவும்.