சாலகக் கணிப்பும் சார்ம் குவாக்கும்

பௌதிகவியல் ஆய்கூடத்தில் நாம் முதன்முதற் கற்ற பாடம், அளவுகோலின் நுனியை நம்பலாகாது என்பதாகும். பல ஆண்டு மாணாக்கர் கையிற் பயின்ற மீற்றர்க் கோலின் முனை தேய்ந்திருக்கும். ஆதலின் பத்தாவது சதமமீற்றர்க் குறியிலிருந்தே அளக்கத் தொடங்குக என்பார் எம் ஆசிரியர். விடையை எழுதி, அதன் வழுவெல்லையை எழுதாது விட்ட ஏட்டை அவர் பார்வையிடாமலே திருப்பித் தருவதும் உண்டு. இம் யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பணிக்கப்பட்டபொழுது, அவ்விரு பாடங்களும் ஒருங்கே பயன்பட்ட ஒரு பெருங் கணிப்பின் வரலாற்றை எழுதுவதே தக்கதென எமக்குத் தோன்றிற்று.

அணுக்கருவினுள் புரோத்தனும் நியூத்திரனும் உள்ளன என்பதை நாம் யாவரும் கற்றுள்ளோம். அவையும் குவாக்கு எனப்படும் நுண்டுணிக்கைகளாலானவை என 1964 ஆம் ஆண்டில் மரே கெல்-மான், ஜோர்ஜ் சுவைக் என்னும் இருவர் தனித்தனியே கூறினர். அக்காலத்து வேண்டப்பட்டவை மூன்று குவாக்குகளே. நான்காவது ஒன்றும் இருத்தல் கூடுமென அதே ஆண்டிற் கருதிய பியோர்க்கனும் கிளாசோவும் அதற்குச் 'சார்ம்', அஃதாவது வசீகரம், எனப் பெயரிட்டனர். 1970 இல் கிளாசோ, இலியோபூலோஸ், மையானி ஆகிய மூவரும் அதனை அழகு கருதியன்றித் தேவை கருதியே வேண்டினர். சில தேய்வுகள் மிக அரிதாக நிகழ்தற்கு அந்நான்காங் குவாக்கே காரணமாதல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். 1974 நவம்பர் 11 இல் அது மெய்யாயிற்று. புறூக்கேவனில் சாமுவேல் திங் என்பாரின் குழுவும் ஸ்டான்போர்டில் பேட்டன் ரிக்டரின் குழுவும், சார்மும் எதிர்ச்சார்மும் பிணைந்த ஒரே துணிக்கையைக் கண்டமையை அறிவித்தன. ஒரு குழு 'ஜே' என்றும் மற்றது 'சை' என்றும் பெயரிட்டமையால் அப்பிள்ளை இன்றும் 'ஜே/சை' என இரட்டைப் பெயரைச் சுமந்து திரிகின்றது.

குவாக்குகளைப் பிணிக்கும் விசையை விளக்குங் கொள்கை குவாண்ட நிறவியக்கவியல் எனப்படும். ஈண்டு நிறம் என்றது கண்ணாற் காணும் நிறத்தையன்று. மின்னேற்றம் போன்றதொரு பண்பையாம். அவ்விசையைச் சுமப்பவை குளுவோன்கள். 1973 இல் குரொஸ், வில்செக், பொலிற்சர் ஆகியோர் நிறுவியவாறு, குவாக்குகள் மிக அணுகியவிடத்து விசை தளர்கின்றது, அகன்றவிடத்து வலுக்கின்றது. தளர்ந்தவிடத்துக் காகிதத்திற் கணித்து, சிறு திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டி விடை காணலாம். புரோத்தனளவு தூரத்திலோ ஒவ்வொரு திருத்தமும் முன்னதையொத்த பருமனுடையதாய் வருதலின் அம்முறை பயன்படாது.

இவ்விடர்க்கு வழி கண்டவர் கோர்ணெல் பல்கலைக்கழகத்துக் கென்னத் வில்சன். வெளியையும் காலத்தையும் தொடர்ச்சியாகக் கொள்ளாது, மீன் வலையின் முடிச்சுகள் போன்ற புள்ளிகளாலாகிய சாலகமாகக் கொள்க என்றார் அவர், 1974 இல். முடிச்சுகளிற் குவாக்குகளும் முடிச்சுகளை இணைக்கும் இழைகளிற் குளுவோன்களும் இருக்கும். உப்பின் பளிங்கிற் சாலகம் உண்டென்பதைக் கற்றோம். அது மெய்யாக உள்ளது. இதுவோ கணித்தற்பொருட்டு நாமே விரித்துப் பின்னர் நாமே சுருட்டிக்கொள்ள வேண்டிய வலை. முடிச்சுகளின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து, அது பூச்சியத்தை அணுகுங்கால் விடை எங்கே சேர்கின்றது என்று நோக்குதல் வேண்டும்.

ஒரு சாலகத்தின் பருமனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். வெளியின் மூன்று திசைகளிலும் 64 புள்ளிகளும் காலத்திசையில் 96 புள்ளிகளும் கொண்டால் மொத்தம் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட முடிச்சுகள் உள. முடிச்சு ஒன்றுக்கு நான்கு இழைகள். இழை ஒன்றுக்குச் சிக்கலெண்களாலான 3×3 தாயம் ஒன்று. இவையனைத்தும் கொள்ளக்கூடிய எல்லா நிலைகளையும் கூட்டுதல் எக்கணினிக்கும் ஆகாது. ஆகவே காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றி, பெரும்பங்கு கொள்ளும் நிலைகளை மட்டும் தற்செயல் முறையிலே தெரிந்தெடுத்துச் சராசரி காண்பர். ஒரு காலத்தில் ஒரு மீசனைத் தோற்றுவித்து மற்றொரு காலத்தில் அழித்தால், இடைக்காலம் நீள நீள அச்சராசரி அடுக்குக்குறி முறையாகத் தேயும். அது தேயும் வீதமே மீசனின் திணிவு.

சார்ம் குவாக்கு இம்முறைக்கு நெடுங்காலம் ஒரு முரட்டு மாணாக்கனாகவே இருந்தது. அதன் திணிவு சத்தியலகில் ஏறத்தாழ 1270 மில்லியன் இலத்திரன் உவோற்று. அதற்கிணையான நீளம் 0.15 பேர்மி, ஒரு பேர்மி என்பது ஒரு மீற்றரின் ஆயிரம் இலட்சங்கோடியில் ஒரு பங்கேயாம். முடிச்சுகளின் இடைவெளியோ 0.1 பேர்மி. கண்ணியகலத்தைச் சற்றே விஞ்சிய மீனை அவ்வலையைக் கொண்டே துல்லியமாக அளப்பதெங்ஙனம்? இடைவெளியைத் திணிவாற் பெருக்கினால் 0.64 வரும், எளிய சாலகத்தின் வழு இதன் வர்க்கத்தையொட்டியது, அது 0.4. மேல், கீழ் எனப்படும் இலகுவான குவாக்குகளுக்கு இவ்வழு புறக்கணிக்கத்தக்கது. இடைவெளியைப் பாதியாக்கலாமே எனின், முடிச்சுகள் பதினாறு மடங்காகும். வேலை அதனினும் விரைந்து பெருகும். கிளாஸ்கோவின் கிறிஸ்தீன் டேவிஸ், கோர்ணெலின் பீற்றர் இலெப்பாசு முதலியோர் அடங்கிய குழு வேறு வழி சென்றது. சாலகத்தின்மேல் எழுதும் சமன்பாட்டையே திருத்தி, முதன்மையான வழுக்கள் தம்முள் நீங்குமாறு 2006 ஆம் ஆண்டளவில் அமைத்தனர். எம் கருத்தில், பெருங் கணினிகளிலும் இத்திருத்தமே பெரிய வெற்றி.

அவ்வெற்றியோடு ஒரு தலைவலியும் வந்தது. சார்முடன் எதிர்விந்தைக் குவாக்கு பிணைந்த மீசனை 'டீ-எஸ்' என்பர். அவ்விரண்டும் ஓரிடத்திற் சந்தித்து மறைய, மியூவனும் நியூத்திரினோவும் தோன்றும். சந்திக்கும் வாய்ப்பைக் குறிப்பது தேய்வு மாறிலி. 2007 இல் அக்குழுவினர் அதனை 241 மில்லியன் இலத்திரன் உவோற்று, வழுவெல்லை 3, எனக் கணித்தனர். பரிசோதனைகளின் சராசரியோ 2008 இல் 277, வழுவெல்லை 9. வேற்றுமை 36, ஒருங்கிணைந்த வழுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. விந்தைக்குப் பதிலாகக் கீழ்க் குவாக்கைக் கொண்ட 'டீ' மீசனிலோ கணிப்பு 207 என, அளவை 206 எனப் பொருந்தின! ஒரே முறை ஓரிடத்திற் பொருந்தி மற்றோரிடத்திற் பிறழ்வதேன்? அறியப்படாத புதுத் துணிக்கையொன்று டீ-எஸ் தேய்விற் குறுக்கிடுகின்றதோ என்று பெர்மி ஆய்வுகூடத்து டொபிரெஸ்கு, குரோன்பெல்ட் இருவரும் அவ்வாண்டே எழுதினர். அஃது ஆசையால் எழுந்த கூற்றன்று. எண்கள் அவ்வாறு நின்றன.

தேய்ந்த கோலின் கதை இங்கே புகுகின்றது. சாலகக் கணிப்பில் கணினி தருவன அலகற்ற வெறும் எண்களே. முடிச்சுகளின் இடைவெளி எத்தனை பேர்மி என்பதை வேறொரு பௌதிக அளவு கொண்டே தீர்மானித்தல் வேண்டும். அதற்கு அவர்கள் கையாண்ட நியமநீளம் 0.321 பேர்மி எனக் கொள்ளப்பட்டிருந்தது. அதே குழுவினர் பல அளவுகளைக் கொண்டு அதனை மீண்டும் ஆராய்ந்தபோது 0.3133 எனக் கண்டனர். நூற்றுக்கு இரண்டரைப் பங்களவே வேற்றுமை. ஆயின் கோல் குறுகினாற் சத்தியளவு ஏறும். இதனோடு மேலும் நுண்ணிய சாலகங்களையும் சேர்த்து 2010 இல் மறுபடி கணித்தபோது 241 என்பது 248 ஆயிற்று. மறுபுறம் கோர்ணெலிலே 'கிளியோ' கருவிகொண்டு 2009 இல் நிறைவேறிய அளவை ஏறத்தாழ 260 ஆக இறங்கிற்று. ஒன்று ஏற, மற்றொன்று இறங்க, இடையிலிருந்த பள்ளம் தூர்ந்தது. புதுத் துணிக்கைக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

தம் கோலைத் தாமே ஐயுற்று, தாம் வெளியிட்ட எண்ணைத் தாமே திருத்திய அச்செயலையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். வேற்றுமையைப் பிறர் தலையிற் சுமத்திப் புதுமை கண்டோம் எனப் பறை சாற்றுதல் அவர்க்கு எளிதாயிருந்தது.

2018 இல் வேறொரு கூட்டுக் குழுவினர் இடைவெளியை 0.03 பேர்மி வரை குறைத்துக் கண்ட விடை 249.9, வழுவெல்லை 0.4. முன்னர்க் கூறிய 0.4 என்னும் வர்க்க வழு அவ்விடைவெளியில் 0.04 ஆகச் சுருங்குவதை அன்பர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். 2005 இல் டீ மீசனுக்கு வெளியான கணிப்பின் வழுவெல்லையும் அளவையின் வழுவெல்லையும் ஏறத்தாழச் சமமாகப் பதினேழாயிருந்தன. இன்றோ கணிப்பே நுண்ணியதாகி, பரிசோதனை பின்னின்று துரத்துகின்றது. இவ்வளவு நுணுகியபின், இதுகாறும் சிறிதென ஒதுக்கப்பட்ட மின்காந்த விசையின் பங்கும் கணக்கிற் புகுந்துவிட்டது. அதனைச் சாலகத்தின்மேல் ஏற்றும் வேலையிலேயே சில குழுக்கள் இப்பொழுது ஈடுபட்டுள்ளன.