குளிர்கால விடியலும் நம் உடற்கடிகாரமும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் விடுதிகளில் தமிழ் மாணவரிடையே ஒரே முறையீடுதான். காலையில் எழ முடியவில்லை, எழுந்தாலும் பத்து மணி வரை தலை தெளிவதில்லை, உண்டபின் வகுப்பில் கண் சொக்குகிறது, மாலையில் தலைவலி, இரவு பன்னிரண்டானாலோ உறக்கம் போன இடம் தெரியவில்லை. காரணம் கேட்டால் பெரும்பாலோர் தம்மையே நொந்துகொள்கின்றனர். "நான் சோம்பேறியாகிவிட்டேன்" என்று சொல்லும் முதலாண்டு நண்பர்களை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஊரில் இருந்தவரை எவரும் எழுப்பாமல் எழுந்தவர்கள் இவர்கள். தில்லிக்கு வந்த ஐந்தாறு திங்களில் ஒருவரது குணம் அவ்வளவு மாறிவிடுமா? குணத்தை ஆராயுமுன் பொழுதைச் சற்று ஆராய்வோம்.

இந்தியா முழுமைக்கும் ஒரே மணிதான். அது கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையைக் கொண்டு, அதாவது மிர்சாப்பூர் வழியே செல்லும் கோட்டைக் கொண்டு, கணிக்கப்படுவது. தில்லி அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குமேல் விலகியிருப்பதால், இங்கே கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ 12 மணி 20 நிமிடம் காட்டுகிறது. வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் குறுகுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 21-ஆம் நாளையொட்டிச் சென்னையில் பகற்பொழுது 11 மணி 20 நிமிட அளவில் இருக்கும். தில்லியிலோ 10 மணி 20 நிமிட அளவுதான். முழுதாக ஒரு மணி நேர வெளிச்சம் நமக்குக் குறைந்துபோகிறது. ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணியளவில் கதிரவன் எழுந்துவிடுகிறான். இங்கே ஏழேகால் ஆகிறது; மூடுபனி நாட்களில் பத்து மணிக்கும் அவன் முகம் காண்பதரிது. ஆகவே, காலை வகுப்புக்காக ஆறரைக்கு எழும் தமிழ் மாணவர் இருட்டில் எழுகிறார். மணி காலையைக் காட்டினும் அவருடைய உடல் அதனை இரவென்றே கொள்கிறது.

உடலுக்கு இரவு பகலை அறியும் கருவி உண்டா என்று ஐயுறுவோர் இருக்கலாம். உண்டு. இந்த ஆராய்ச்சி ஒரு செடியில் தொடங்கிற்று. 1729-இல் டி மெரான் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர், தொட்டாற்சிணுங்கியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அது பகலில் இலைகளை விரித்து இரவில் மூடிக்கொண்டது. 1971-இல் அமெரிக்காவில் கொனாப்கா, பென்சர் என்னும் இருவர் பழ ஈக்களை ஆராய்ந்தனர். ஒரு வகை ஈக்கு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொரு வகைக்கு 28 மணி நேரம். மூன்றாவது வகைக்கோ பகலிரவு ஒழுங்கே இல்லை. மூன்று வகையிலும் பழுதுபட்டிருந்தது ஒரே மரபணுதான்! அந்த மரபணு செயற்படும் முறையைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களின் காலவுணர்வை ஆராய்ந்தார். மனிதரை வெளியுலகின் பொழுது தெரியாதவாறு தனியறையில் தங்கவைத்து ஆராயும் வசதியையும் அங்கே உண்டாக்கினார். மதுரையிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர்களுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

மனிதனிடம் இக்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்றுமேல் இருக்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு அது. அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். எனவே அதனை நாள்தோறும் திருத்திவைக்க வேண்டும். திருத்தும் கை வெளிச்சமே. காலையில் கண்ணிற்படும் ஒளி அதனை முன்னே தள்ளுகிறது. பின்னிரவில் படும் ஒளி பின்னே தள்ளுகிறது. காலையில் இருட்டிலும் இரவில் விளக்கொளியிலும் வாழ்பவரின் கடிகாரம் நாளுக்கு நாள் பின்தங்கிச் செல்வதில் வியப்பென்ன?

இதனோடு வயதும் சேர்கிறது. இரவில் நெடுநேரம் விழித்துக் காலையில் நெடுநேரம் உறங்கும் இயல்பு வளரிளம் பருவத்தில் மிகுந்து, இருபது வயதையொட்டி உச்சம் பெற்று, பின்னர் மெல்லக் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் தந்தையார் ஐந்து மணிக்கு எழுவதற்கு அவருடைய ஒழுக்கம் பாதி காரணம். அவருடைய வயது மறுபாதி.

"நாலு மணிக்கு எழுந்து படி, நெஞ்சில் நிற்கும்" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்லாத வீடு ஏது? அந்த அறிவுரை ஒன்பது மணிக்கு ஊரடங்கும் வாழ்க்கைக்கு உரியது. அங்கே அது நல்ல அறிவுரையே. நம் உணவுக்கூடத்தில் இரவு உணவு முடியவே ஒன்பதரையாகிறது. ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுபவர் மூன்று மணி நேரமே உறங்குகிறார். வயது வந்தோர்க்கு ஏழு மணி நேரமேனும் வேண்டும் என்பது மருத்துவர் முடிபு. மேலும், விடியற்காலை நாலு மணியை ஒட்டியே உடலின் வெப்பம் மிகக் குறைந்தும் கவனம் மங்கியும் இருக்கும்.

கண் விழித்துப் படிப்பதனால் வரும் இழப்பைப் பற்றி இரண்டு சான்றுகள் கூறுகிறேன். 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தினர். இரண்டு மாணவர்கள் ஆய்வகத்திலேயே தங்கிப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தனர். படித்தவுடன் உறங்கியபோது அவர்கள் நினைவிற்கொண்டது மிகுதி. அதே நேர அளவு விழித்திருந்தபோது மறந்ததே மிகுதி. இரண்டாவது சான்று 1997-இல் வெளிவந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கருத்தும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மது இருப்பவரைப்போலத் தடுமாறுகின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 0.03 பங்குதான். காலை ஏழுக்கு எழுந்தவர் நள்ளிரவுக்கு மேல் வினைச்சமன்பாடு எழுதுவதும், ஆய்வகத்தில் அமிலம் ஊற்றுவதும் இந்த நிலையிலேதான். ஆய்வகத் தோழர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

இனிச் செய்யத்தக்கவை. எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்த வேண்டும். படுக்கும் நேரம் சில நாட்களில் தானே வந்து சேரும். உறக்கத்தை நினைத்தபோது வரவழைக்க எவராலும் இயலாது. எழுவது ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரு மணி நேரத்துக்குமேல் மாறலாகாது. வார நாட்களில் ஏழுக்கும் ஞாயிறன்று ஒன்பதரைக்கும் எழுபவர், ஒவ்வொரு வாரமும் சவூதி அரேபியாவுக்குச் சென்று திரும்பும் பயணியின் நிலையில் தம் உடலை வைக்கிறார். அந்நாட்டுக்கும் நமக்கும் உள்ள கால வேறுபாடு இரண்டரை மணி நேரமே. திங்கட்கிழமைச் சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எழுந்தபின் அரைமணி நேரமேனும் வெளியில் நிற்கவோ நடக்கவோ வேண்டும். அறை விளக்கு போதாதா எனின், போதாது. அறையில் இருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ். மேகம் மூடிய வானத்தின்கீழும் வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் உண்டு. கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இங்கே ஓர் இடையூறு இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை தில்லிக் காலைக் காற்று மூச்சுக்கு ஏற்றதன்று. காற்று மிகக் கெட்டிருக்கும் நாட்களில் கிழக்கு நோக்கிய சன்னலருகே அமர்ந்து செய்தித்தாளைப் படியுங்கள். பத்து மணிக்குமேல் வகுப்புக்கு நடந்து செல்லும்போது என்-95 முகக்கவசத்துடன் மிச்சத்தைப் பெறலாம். முழுப்பயன் இராது, ஒன்றுமில்லாததற்கு இது மேல். கைப்பேசி ஒளி உறக்கத்தைக் கெடுக்கிறது என்று பெரிதாகப் பேசுகிறார்கள். என் கருத்தில் அந்த ஒளியைவிட அதில் ஓடும் கதைகளே அதிகம் கெடுக்கின்றன.

காப்பியைத் தொடாமல் தமிழர்க்கு உடல்நலம் கூற முடியாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. உறக்கத்தை வேண்டச் செய்வது அதுவே. காஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, மறைகிறது. உட்கொண்ட காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். மாலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காப்பி குடித்தவர் பதினொரு மணிக்கு அரை டம்ளரை உடலில் வைத்துக்கொண்டே படுக்கிறார். பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்திவிடுவது நலம். இங்குள்ள தேநீர்க் கடையின் இஞ்சித் தேநீரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. சிறு குவளைதானே என்று நான்கு குவளை குடிப்போர் கவனிக்க. ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் தலைவலி வரும். நாளுக்குக் கொஞ்சமாகக் குறைப்பதே வழி.

உண்டபின் வரும் உறக்கத்துக்குச் சோற்றைப் பழிக்கும் வழக்கம் இங்கே உண்டு. "நீங்கள் அரிசி தின்பவர்கள்" என்று வடநாட்டு நண்பர்கள் கேலி செய்வார்கள். (ராஜ்மா சாவல் உண்ட அன்று அவர்களும் நம் பக்கத்து இருக்கையில்தான் உறங்குகிறார்கள்.) பிற்பகல் மந்தம் உணவே உண்ணாதவர்க்கும் வருகிறது, உடற்கடிகாரத்தில் அதற்கென ஓர் இறக்கம் இருக்கிறது. வயிறு முட்ட உண்பது அதனை மிகுவிக்கும், அவ்வளவே. மூன்று மணிக்குமுன் இருபது நிமிடம் உறங்கி எழுந்தால் தெளிவு பிறக்கும். ஒரு மணி நேரம் உறங்கினால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேர்ந்து, மந்தம் முன்னிலும் கூடும். அந்த வேளைக்கு நூல்களை அடுக்குதல், அட்டவணை எழுதுதல் போன்ற வேலைகளை ஒதுக்குங்கள். கடினமான கணக்குகளை, உங்களுக்கு எப்போது மூளை நன்கு ஓடுகிறதென்று ஒரு வாரம் குறித்துப் பார்த்து, அந்த மணிக்கு வையுங்கள். அது இரவு ஏழு மணியாக இருப்பினும் குற்றமில்லை.

தலைவலிகளுள் பெரும்பாலானவை காலையுணவை விடுவதாலும், உறங்கும் நேரம் தவறுவதாலும், தண்ணீர் குடிக்க மறப்பதாலும் வருகின்றன. குளிரில் தாகம் தோன்றுவதில்லை. மலச்சிக்கலுக்கும் இது ஒரு காரணம். கொய்யாவும் கீரையும் குளிர்காலத் தில்லியில் மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கின்றன. ஒற்றைத் தலைவலி என்பது வேறு நோய். அடிக்கடி வருபவர் நாளும் நேரமும் குறித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இங்கே நான் அஞ்சுவது வேறொன்று. விடுதியில் மாத்திரைப் பட்டை கைக்குக் கை மாறுகிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிமாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்வோர்க்கு அம்மாத்திரையே தலைவலியை உண்டாக்குகிறது. பல மருந்துகள் கலந்த மாத்திரையானால் 10 நாளே போதும். பாராசிட்டமாலும் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேற்படலாகாது. சளிக்கென்று விற்கும் கலவை மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே ஒளிந்திருப்பதால் இரட்டிப்பாக உட்கொள்ள நேரிடும். மழைக்காலம் முடிந்து டெங்கு பரவும் நாட்களில் காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தொடவே கூடாது. அவை குருதிப்போக்கை மிகுவிக்கும்.

சளி வைரஸால் வருவது. ஏழு முதல் பத்து நாளில் தானே நீங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யா. மீந்த மருந்தைத் தோழருக்குக் கொடுப்பதும், இரண்டு நாள் தின்றுவிட்டு நிறுத்துவதும் வலுத்த பாக்டீரியாக்களை வளர்க்கும் வழிகள். பென்சிலின் கண்ட ஃபிளெமிங் 1945-இலேயே தம் நோபல் பேருரையில் இந்த ஆபத்தை எடுத்துரைத்தார். வெந்நீராவி, உப்பு நீரால் கொப்பளித்தல், மிளகு ரசம் இவை சளியைக் குணப்படுத்தா. ஆனால் சளியோடு இருப்பதை எளிதாக்கும். தேர்வுக் காலத்தில் அதுவே பெரிது.

உறங்கும் நேரத்தைச் சீராக்கி மூன்று நான்கு வாரமாகியும் களைப்பு நீங்காவிடில் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் இவ்வாறே தோன்றும். எதிலும் மனம் பற்றாமல் இரண்டு வாரத்துக்குமேல் சோர்ந்திருப்பவரும் மருத்துவரிடம் அதனைச் சொல்லலாம்; அதுவும் மருந்தும் துணையும் உள்ள நோயே. திடீரென இடிபோல் வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்த தலைவலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ கூடிய தலைவலி ஆகியவற்றுக்கு மட்டும் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. உடனே 112-ஐ அழையுங்கள். அறை நண்பரை எழுப்பத் தயங்க வேண்டாம், அவர் அப்போதுதான் படுத்திருந்தாலும்.