ஞாயிற்றுக்கிழமைத் தந்தையர்

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலின் நாள்தோறும் பலமுறை தேவை. ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு விடுமுறை கிடையாது. மணவிலக்குப் பெற்றோரின் குழந்தை பெரும்பாலும் தாயிடமே வளர்கிறது. நீதிமன்றம் வரையறுத்த சில மணி நேரத்தைப் பொம்மைக் கடையில் கழித்து, விலையுயர்ந்த கைப்பேசியுடன் குழந்தையைத் திருப்பி அனுப்பும் தந்தையரை எங்கள் புறநோயாளிப் பிரிவில் அறிவோம். அவர்களது அன்பில் குறையில்லை. ஆயினும், ஊசி போடத் தெரியாத வீட்டில் குழந்தை ஓரிரவுகூடத் தங்க இயலாது.

ஆகவே தந்தையரே, அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் வாருங்கள். சேர்ந்து வர மனம் ஒப்பவில்லையெனில் தனியே வாருங்கள். குளுக்கோமீட்டரைக் கையாள்வதும், உணவின் மாவுச்சத்தைக் கணக்கிடுவதும், ஊசி குத்துமிடத்தை மாற்றிக்கொள்வதும் பழகினால் வரும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் குழந்தைக்கு வியர்க்கும், கை நடுங்கும், காரணமின்றி எரிந்து விழும். இதைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்வோரும் உண்டு! பள்ளி வயதுப் பிள்ளைக்கு 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் சோதியுங்கள். சிறு குழந்தைக்கு அளவு குறையும், கேட்டறிந்துகொள்ளுங்கள். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

இரு வீடுகளுக்கும் ஒரே குறிப்பேடு சென்று வரட்டும். பெற்றோர் பேசிக்கொள்ளாவிடினும், காலையில் எத்தனை யூனிட் போடப்பட்டது என்பதை அது சொல்லும். தந்தையின் குளிர்பதனப் பெட்டியிலும் ஓர் இன்சுலின் குப்பி இருக்கட்டும். உறைபெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.