பருவம் தப்பிய பயணம்

பின்வரும் பயணக் கட்டுரையை வாசித்து, இறுதியில் உள்ள வினாக்களைக் குழுவில் கலந்துரையாடுக.

எங்கள் வீட்டில் பயணம் என்றாலே முதலில் விவாதம்தான். சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையிலும் அப்படித்தான் நடந்தது. பணி காரணமாகக் குரோஏஷியாவின் தலைநகரான ஸாக்ரெப்பில் வசிக்கும் என் அத்தை, டிசம்பர் மாதத் தொடக்கத்தில் எங்களை அங்கு வருமாறு அழைத்திருந்தார். அந்நாட்டின் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவுக்கும் அழைத்துச் செல்வதாகக் கூறினார்.

“டிசம்பரில் அங்கே பனி பெய்யுமே! அருவியைப் பார்க்கக் கோடைக்காலத்தில் போவதுதானே முறை? இவ்வளவு தூரம் போய்ப் பாதிப் பூங்கா மூடியிருந்தால் என்ன செய்வது?” என்று அம்மா கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அந்தப் பூங்காவின் படங்களை நான் இணையத்தில் பார்த்திருந்தேன். பச்சை மலைகள், நீலமும் பச்சையும் கலந்த ஏரிகள், நூற்றுக்கணக்கான வெள்ளி இழைகளாய் விழும் அருவிகள் என்று எல்லாமே கோடைக்காலப் படங்கள். எனக்கும் அந்தக் காட்சிதான் வேண்டும்.

அத்தை தொலைபேசியில் சிரித்தார். “நான் ஆகஸ்ட் மாதத்தில் போயிருக்கிறேன். பலகைப் பாதையில் எனக்கு முன்னால் நடந்தவரின் முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தேன். நீங்கள் டிசம்பரிலேயே வாருங்கள். கிடைப்பதைப் பார்ப்போம்” என்றார்.

‘கிடைப்பதைப் பார்ப்போம்’ என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

வரிசையில்லாத நுழைவாயில்

ஸாக்ரெப்பிலிருந்து தெற்கே காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மாலை நான்கரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பினோம். வழியெங்கும் வீட்டுக் கூரைகளில் பனி படிந்திருந்தது. நுழைவாயிலின் கார் நிறுத்துமிடத்தில் எங்கள் காரோடு சேர்த்து ஆறு கார்களே நின்றன.

கோடையில் இங்கு வர விரும்புவோர் எந்த நாள், எத்தனை மணிக்கு நுழைவது என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிவிடுவது நல்லது. நாங்களோ நேராகச் சென்று வாங்கினோம். அண்மை ஆண்டுகளில் கோடையில் பெரியவர் ஒருவருக்கு 40 யூரோவாக இருந்த கட்டணம், குளிர்காலத்தில் 10 யூரோவாகக் குறைக்கப்பட்டிருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால், நுழைவுச்சீட்டோடு ஒரு செய்தியும் கிடைத்தது. பனியின் காரணமாக மேல் ஏரிகளுக்குச் செல்லும் பாதை மூடப்பட்டிருந்தது.

பிளிட்விட்சேயில் பெயர் சூட்டப்பட்ட ஏரிகள் மொத்தம் 16. அவற்றுள் 12 மேல் ஏரிகள். 4 கீழ் ஏரிகள். அதாவது, பெரும்பாலான ஏரிகளை எங்களால் அருகில் சென்று பார்க்க முடியாது! “நான்தான் அப்போதே சொன்னேனே” என்பதுபோல் அம்மா அப்பாவைப் பார்த்தார். என் மனமும் வாடியது.

நீர் கட்டிய அணை

நுழைவாயிலிலிருந்து சிறிது தூரம் நடந்ததும் மலை விளிம்பில் ஒரு காட்சிமேடை இருந்தது. அங்கிருந்து பார்த்தபோது என் வாட்டம் சற்றே மறைந்தது. எதிர்ப்புறப் பாறையிலிருந்து 78 மீட்டர் உயரத்திலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ‘வெலிகி ஸ்லாப்’. குரோஏஷிய மொழியில் ‘பெரிய அருவி’ என்று பொருள். கோடையின் இறுதியில் மெலிந்துபோகும் இந்த அருவி, இலையுதிர்கால மழைக்குப் பிறகு பேரிரைச்சலோடு பாய்கிறது. மரங்களில் இலைகள் இல்லாததால், கிளைகளின் இடையே பள்ளத்தாக்கு முழுவதும் தெளிவாகத் தெரிந்தது.

கீழே இறங்கிப் பலகைப் பாதையில் நடந்தோம். காலடியில் நீர் சலசலத்து ஓடியது. ஏரிகள் மாடிப்படிகளைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேலே உள்ள ஏரி நிரம்பி வழிந்து, அருவியாகி, அடுத்த ஏரியில் விழுந்தது.

“இத்தனை அணைகளையும் யார் கட்டினார்கள் அத்தை?” என்று தம்பி கேட்டான்.

“நீரும் பாசியும் சேர்ந்து கட்டின” என்றார் அத்தை.

பிறகு அவர் விளக்கினார். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே செல்லும்போது சுண்ணாம்பையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அருவியில் நீர் சிதறும்போது, சோடா பாட்டிலைத் திறந்தால் வாயு வெளியேறுவதுபோல, அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. அப்போது கரைந்திருந்த சுண்ணாம்பு, அங்கு வளரும் பாசிகள்மீது படிகிறது. பாசி மேலே மேலே வளர, அதன்மேல் சுண்ணாம்பும் படிந்துகொண்டே போகிறது. இப்படி உருவாகும், நுண்துளைகள் நிறைந்த கல்லை ‘டூஃபா’ என்பர். பல ஆயிரம் ஆண்டுகளில் அந்தக் கல்லே அணையாக வளர்ந்து ஏரிகளை உருவாக்கியிருக்கிறது.

“பத்துமலைக் குகையின் கூரையில் கற்கள் கூம்புகளாகத் தொங்குமே, அவையும் இப்படிச் சுண்ணாம்பு படிந்து உருவானவைதாம்” என்றார் அப்பா. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறி அண்ணாந்து பார்த்தது என் நினைவுக்கு வந்தது.

“சாதகமான இடங்களில் டூஃபா ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். குளிர்காலத்தில் அந்த வேகமும் குறைந்துவிடும்” என்று அத்தை கூறி முடித்தார்.

ஒரே ஓர் அடி

சிறிது நேரத்தில் மற்றவர்கள் முன்னே சென்றுவிட்டார்கள். நான் படம் எடுப்பதற்காகப் பின்தங்கினேன். பாதையில் வேறு யாரும் இல்லை. பலகையின் ஓரத்தில் பாசி படர்ந்த மேடு ஒன்று இருந்தது. அதில் ஓரடி வைத்துச் சாய்ந்தால், அருவி முழுவதும் படத்தில் அடங்கிவிடும். பாதையை விட்டு இறங்கக்கூடாது என்ற அறிவிப்பை நான் பார்த்திருந்தேன். ‘ஒரே ஓர் அடிதானே, யாரும் பார்க்கவில்லையே’ என்று எண்ணி இடக்காலை வைத்தேன்.

காலடியில் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்டது. பதறிக் காலை எடுத்தேன். பாசி பிய்ந்திருந்தது. அதனடியில் விரல்கடை அளவுள்ள வெளிர்நிறக் கல் உடைந்து, ஓடும் நீரில் உருண்டு மறைந்தது.

நிமிர்ந்தபோது அத்தை திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. உடைந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “வழுக்கும், கவனமாக வாம்மா” என்று மட்டும் சொன்னார்.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது. நான் உடைத்தது எத்தனை ஆண்டுகளின் வளர்ச்சி? மன்னிப்புக் கேட்டாலும் அது ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. நான் எடுத்த படமும் கைநடுக்கத்தால் தெளிவில்லாமல் போயிருந்தது.

இருவகை ஆபத்துகள்

நண்பகலில் ஒரு மரப்பெட்டிமேல் அமர்ந்து, கொண்டுவந்திருந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். அப்போது அத்தை இந்தப் பூங்காவின் வரலாற்றைக் கூறினார்.

1949இல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், குரோஏஷியப் போரின் தொடக்க மோதல்களுள் ஒன்று இங்கேயே நிகழ்ந்தது. அருவிகளைக் காண மக்கள் வந்த இடத்தில் துப்பாக்கிகள் முழங்கின. சுற்றுப்புறங்களில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. 1992இல் ‘ஆபத்திலுள்ள மரபுடைமை’ பட்டியலில் இப்பூங்கா சேர்க்கப்பட்டது. போர் ஓய்ந்து, நிலைமை சீரடைந்த பிறகு, 1997இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

“அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதுதானே?” என்று கேட்டான் தம்பி.

“அந்த ஆபத்து நீங்கியது. பிறகு வேறோர் ஆபத்து வந்தது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 1.7 மில்லியனுக்கும் அதிகமானோர் இங்கு வந்தார்கள். பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். ஆனால், ஏரிகளின் பரப்பு 2 சதுர கிலோமீட்டர் அளவுதான். வருகிறவர்கள் எல்லாரும் அந்தச் சிறிய இடத்தைத்தான் தேடி வருகிறார்கள். அவர்கள் தங்குவதற்காகச் சுற்றிலும் விடுதிகள் பெருகின. அவற்றின் கழிவு நீரில் கலந்தால் டூஃபா வளர்வது தடைப்படும். முன்பெல்லாம் ஏரியில் நீந்தலாம். 2006 முதல் அதற்கும் தடை. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அழகைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள்தாம்.”

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அருவிக்கும் பொருந்தும்போல” என்றார் அப்பா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போர் செய்தவர்களைப்போல நான் வெறுப்போடு வரவில்லை. ஆசையோடுதான் வந்தேன். ஆனால், என் கால்பட்டு உடைந்த கல்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சங்கிலிக்கு இப்பால்

பிற்பகலில் கோஸ்யாக் ஏரியை அடைந்தோம். பதினாறு ஏரிகளுள் அதுவே மிகப் பெரியது. மேகங்கள் விலகியபோது சாம்பல் நிற நீர், கண்ணெதிரிலேயே பச்சையாக மாறியது. நீரிலுள்ள தாதுப்பொருள்களும் நுண்ணுயிர்களும் ஒளி விழும் கோணமும் ஏரியின் நிறத்தை மாற்றுகின்றன என்று ஓர் அறிவிப்புப் பலகை கூறியது.

அங்கிருந்து மேல் ஏரிகளுக்குப் போகும் பாதையின் குறுக்கே ஒரு சங்கிலி தொங்கியது. அதற்கு அப்பால் பலகைகள்மேல் பனி மூடியிருந்தது. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. மரங்களுக்குப் பின்னால் எங்கோ நீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

தம்பி சங்கிலியைத் தொட்டான். “அக்கா, குனிந்தால் போய்விடலாம். கொஞ்ச தூரம்தான். இங்கே யாருமே இல்லையே!” என்று கிசுகிசுத்தான்.

காலையில் நான் எனக்குள் சொல்லிக்கொண்ட அதே சொற்கள்! கோடையாக இருந்தால் ஊழியர்களும் கூட்டமும் எங்களைத் தடுத்திருக்கக்கூடும். கூட்டம் குறைந்த இந்தக் காலத்தில் எங்களைத் தடுப்பதற்கு நாங்களே இருந்தோம்.

“வேண்டாம்டா. இங்கிருந்தே கேட்போம்” என்றேன். அவனுக்குக் காலையில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவன் என் காலணியை ஒருமுறை பார்த்துவிட்டு, சங்கிலியிலிருந்து கையை எடுத்தான். நாங்கள் இருவரும் கண்ணுக்குத் தெரியாத அந்த அருவியின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: “நம் புக்கிட் தீமா வனப்பகுதியும் 2014இல் சீரமைப்புப் பணிகளுக்காக மூடப்பட்டது. முழுமையாகத் திறக்க ஈராண்டுகள் ஆயின. அப்போது நான் சலித்துக்கொண்டேன். மலைக்கும் விடுமுறை வேண்டும் என்று தோன்றவில்லை.”

காரில் ஏறியதும், “பாதிதான் பார்த்தோம், பரவாயில்லையா?” என்று அத்தை அம்மாவிடம் கேட்டார்.

“பார்த்த பாதியை நிதானமாகப் பார்த்தோம் அண்ணி” என்றார் அம்மா.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு, தெளிவில்லாத அந்தப் படத்தை அழித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால், அழிக்கவில்லை. அதன் ஓரத்தில் என் காலணியின் முனையும் அதனடியில் நசுங்கிய பாசியும் தெரிகின்றன. பயணத்தைப் பற்றி நண்பர்கள் கேட்டால், அந்தப் படத்தையும் காட்டத்தான் செய்கிறேன்.

சிந்தித்துக் கூறுக

1. பயணத்திற்கு முன் அம்மா தெரிவித்த தயக்கம் யாது? அது நியாயமானதா?

2. டூஃபா எவ்வாறு உருவாகிறது என்பதை உம் சொந்தச் சொற்களில் விளக்குக.

3. பிளிட்விட்சே பூங்காவுக்கு நேர்ந்த இருவகை ஆபத்துகளை ஒப்பிடுக.

4. ‘அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்’ என்று கட்டுரையாளர் கூறுவது ஏன்?

5. தெளிவில்லாத படத்தைக் கட்டுரையாளர் அழிக்காததற்குரிய காரணம் என்னவாக இருக்கலாம்? நீர் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?

6. கூட்டம் குறைந்த காலத்தில் சுற்றுலா செல்வதால் ஏற்படும் நன்மைகளையும் இழப்புகளையும் பட்டியலிட்டு, உம் கருத்தைக் குழுவில் எடுத்துரைக்க.