பொன்முடி போகும் வழியில் முதலாண்டு வேதியியல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற சாலையில் வேதியியலுக்குப் பஞ்சமே இல்லை. நெடுமங்காட்டை ஒட்டிய வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. ராக்கெட் எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிற இடம். இன்னும் கொஞ்சம் மேலே, விதுரா பக்கம், மலையடிவாரத்தில் ஐசர் வளாகம். 2008இல் தொடங்கிய மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம் அது. வேதியியலுக்கென்று அங்கே தனிப் புலமே உண்டு. பிறகு கல்லாறு, 22 கொண்டை ஊசி வளைவுகள், தேயிலைத் தோட்டங்கள், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி.

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பொன்முடி கைக்கெட்டும் தூரம். டூர் பஸ்ஸில் ஏறுகிற முதலாண்டு பி.எஸ்சி. மாணவர் வேதியியல் புத்தகத்தை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்கிறார். பாடம் என்னவோ கூடவே வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளை இங்கே உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வேதியியல் முழுக்க மனப்பாடப் பாடம்.

உண்மை: பாதிகூட இல்லை. மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவை உண்டு. தனிமங்களின் பெயர், குறியீடு, சல்பேட் அயனியின் மின்சுமை, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நிறம் போன்றவற்றை முதலாண்டில் யோசித்து வரவழைக்க முடியாது. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றவை அப்படியல்ல. குளோரினின் அணு எண் 17 என்று தெரிந்தால் எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று அடுக்கிக்கொள்ளும். மூன்று கூடுகள் இருப்பதால் மூன்றாம் தொடர். வெளிக்கூட்டில் ஏழு இருப்பதால் இன்னும் ஒன்றுக்கு அலைகிற தனிமம். ஆகவே சோடியத்தோடு சேரும்போது ஒற்றை எதிர்மின்சுமை. ஒரே ஓர் எண்ணிலிருந்து இத்தனையும் வந்துவிட்டன. இந்த நான்கையும் நான்கு வரிகளாக உருப்போடுகிற மாணவர் வேலையை நான்கு மடங்காக்கிக்கொள்கிறார்.

நம்பிக்கை 2: நினைவுக் குறிப்புகள் எல்லாம் மந்தமான மாணவர்களின் குறுக்குவழி.

உண்மை: கேரளத்துக் கணித வானியலாளர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தந்து, பெரிய பெரிய வானியல் எண்களைச் சொற்களாக்கிச் சுலோகத்தில் பொதிந்துவைத்த கடபயாதி முறை அவர்கள் கையில் நூற்றாண்டுகளாக ஓடியது. கர்நாடக இசை படித்தவர்களுக்கும் அது தெரிந்ததே. 'மேசகல்யாணி' என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு மதிப்பு 5, 6. திருப்பிப் போட்டால் 65. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் கல்யாணியின் இடம் அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, எண் கிடைத்ததோடு வேலை முடிவதில்லை. 65 என்பது 36ஐத் தாண்டிய எண் என்பதால் பிரதி மத்தியமம் என்று உடனே தெரிகிறது. 36ஐக் கழித்தால் 29. சுத்த மத்தியமத்தோடு நிற்கும் அதன் ஜோடி சங்கராபரணம். பெயர் எண்ணைத் தருகிறது, எண் சுரங்களைத் தருகிறது. நல்ல நினைவுக் குறிப்பின் இலக்கணம் இதுதான்: அது ஓர் அமைப்புக்குள் உங்களைக் கொண்டுபோய் விட வேண்டும்.

முதலாண்டு வேதியியலில் பலரைக் கவிழ்ப்பது ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும். எலக்ட்ரானை இழப்பது எது, பெறுவது எது என்று தேர்வறையில் தடுமாற்றம். ஆங்கிலத்தில் 'ஆயில் ரிக்' என்று ஒரு சுருக்கம் சொல்லித் தருவார்கள். தமிழில் அதைவிட நன்றாகவே வரும்: கடன் கொடுத்தவனுக்கு ஏற்றம், கடன் வாங்கியவனுக்கு ஒடுக்கம். எலக்ட்ரானைக் கொடுத்த துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வாங்கிக்கொண்ட தாமிர அயனி ஒடுங்குகிறது. வாங்குகிறவன் இல்லாமல் கொடுக்கிறவன் ஏது? ஆகவே இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும். கொடுத்தவனுக்கு ஏற்றம் வரக் காரணமானவன் வாங்கியவன். அதனால் ஒடுக்கம் அடைகிற பொருளுக்கே ஆக்சிஜனேற்றி என்று பெயர். பாதிப் பேர் தப்பாக எழுதுகிற இடமும் கடன்காரனை வைத்தே நேராகிவிடுகிறது.

மின்வாய்களுக்கும் ஒன்று: ஆனோடில் ஆக்சிஜனேற்றம், இரண்டும் 'ஆ'. டேனியல் மின்கலத்தில் ஆனோடு எதிர்மின்சுமை கொண்டது. மின்னாற்பகுப்பில் அதுவே நேர்மின்சுமை கொண்டது. குறி மாறினாலும் 'ஆ' மாறாது.

நம்பிக்கை 3: நினைவுக் குறிப்பு சொல்வதுதான் விதி.

உண்மை: அது வெறும் கைகாட்டி. ஆர்பிட்டால்கள் நிரம்பும் வரிசைக்குச் சாய்வுக்கோடுகள் போட்ட ஒரு படம் எல்லார் நோட்டிலும் இருக்கும். அதன்படி 4எஸ் முதலில், 3டி அப்புறம். குரோமியத்தில் படம் சறுக்குகிறது: 4எஸ்-ஸில் இரண்டு, 3டி-யில் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் ஐந்தும் இருக்கின்றன. தாமிரத்தில் ஒன்றும் பத்தும். இரும்பு எலக்ட்ரானை இழக்கும்போது இன்னொரு வேடிக்கை. கடைசியாக நிரம்பிய 3டி-யிலிருந்து போகும் என்று படத்தை நம்பியவர் எழுதுவார். போவது 4எஸ்-ஸின் இரண்டும்தான். படம் எங்கே சறுக்குகிறது என்பதையும் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. தேர்வில் கேள்வி வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நம்பிக்கை 4: திரும்பத் திரும்பப் படித்தால் மனதில் நிற்கும்.

உண்மை: நிற்பது போலத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போனது. கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்த குழுவுக்கு 40, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61.

அது வேதியியல் பாடமல்ல, பொதுவான பகுதிதான். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவில் 'எல்லாம் வருகிறது' என்ற தெம்போடு தூங்கப்போனவர் அடுத்த வாரம் ஏன் விழிக்கிறார் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னையே கேள்வி கேட்டுக்கொள்வது, படித்து முடித்தபின் வைக்கிற சோதனை மட்டுமல்ல, அதுவும் படிப்புதான்.

நம்பிக்கை 5: கணக்கு வந்துவிட்டால் கருத்து புரிந்துவிட்டது.

உண்மை: நர்ரன்பெர்ன், பிக்கரிங் என்ற இருவர் 1987இல் அமெரிக்க வேதியியல் கல்வி இதழில் இதைப் போட்டு உடைத்தார்கள். வாயு விதிக் கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர்களிடம் படக் கேள்வி ஒன்றும் கேட்கப்பட்டது. உருக்குத் தொட்டியில் 20 டிகிரியில் ஹைட்ரஜன் வாயு, புள்ளிகள் மூலக்கூறுகள். வெப்பநிலையைக் கழித்தல் 20 டிகிரிக்குக் குறைத்தால் புள்ளிகள் எங்கே இருக்கும்? ஹைட்ரஜன் அப்போதும் வாயுதான். ஆகவே முன்பு போலவே தொட்டி முழுக்கப் பரவியிருக்கும். கணக்கில் தேறியவர்களில் பலர் இந்தப் படத்தில் தேறவில்லை.

இதே பாடத்தைப் பொன்முடிச் சாலையில் ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்த பாக்கெட், கடைசி வளைவைத் தாண்டும்போது உப்பி நிற்கும். 1,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. பாக்கெட் தாராளமாக விரியுமானால் உள்ளே உள்ள வாயு ஏறத்தாழ 14 சதவீதம் பெருக வேண்டும். இங்கே ஒரு குறும்புக் கேள்வி: மேலே குளிராயிற்றே, சுருங்காதா? சுருங்கும். ஏழு டிகிரி குறைந்தாலும் 300 கெல்வினில் ஏழு என்பது இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகம்தான். ஆகவே கடைசிக் கணக்கு 11 சதவீதத்துக்கு அருகில். பாயிலும் சார்லசும் ஒரே பாக்கெட்டில் மோதி, பாயில் ஜெயிக்கிறார்.

போகிற போக்கில் இன்னும் மூன்று தவறுகளையும் திருத்திக்கொள்ளலாம். மலையில் காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் குறைவதில்லை, அதே 21தான். காற்று மொத்தமே அடர்த்தி குறைந்திருக்கிறது. மூடுபனி நீராவி அல்ல, மிக நுண்ணிய நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. அங்கே சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கிற தண்ணீரில் எழும் குமிழிகளில் இருப்பது ஹைட்ரஜனோ ஆக்சிஜனோ அல்ல, ஆவியான தண்ணீர்.

நம்பிக்கை 6: பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிப்படும்.

உண்மை: உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். வலியமலை மையம் உருவாக்கிய சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின், 2017 ஜூனில் ராக்கெட்டில் முதன்முதலாகப் பறந்தது. அதில் எரிவது திரவ ஹைட்ரஜன், எரிப்பது திரவ ஆக்சிஜன். பிணைப்பு ஆற்றல்களைக் கொண்டு கணக்குப் போடுங்கள். இரண்டு மோல் ஹைட்ரஜனைப் பிரிக்க 872 கிலோஜூல், ஒரு மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498. மொத்தச் செலவு 1,370. நான்கு மோல் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும்போது கிடைப்பது 1,852. மிச்சம் 482 கிலோஜூல். ராக்கெட்டைத் தூக்குவது அந்த மிச்சம். 'பிரிக்கச் செலவு, சேர்ந்தால் வரவு' என்று எழுதிவைத்துக்கொண்டால் உயிர் வேதியியலில் ஏடிபி பாடம் வரும்போதும் கைகொடுக்கும்.

நம்பிக்கை 7: வகுப்பில் சிரிப்பு வந்தால் பாடம் போய்விடும்.

உண்மை: எந்தச் சிரிப்பு என்பதைப் பொறுத்தது. இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னர் ஸிவ் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பாடக்கருத்தோடு ஒட்டிய நகைச்சுவையோடு ஒரு பருவம் முழுக்கப் புள்ளியியல் படித்த வகுப்பு, அது இல்லாமல் படித்த வகுப்பைவிட இறுதித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியது. பாடத்தோடு ஒட்டாத சினிமா வசனம் வேறு கதை. அதில் வசனம்தான் நினைவிருக்கும்.

ஒட்டிய நகைச்சுவைக்கு நல்ல உதாரணம் 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு'. 1997இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர், இந்தப் பொருள் அமில மழையில் இருக்கிறது, மூச்சுக்குழலில் போனால் உயிர்போகும், இரும்பை அரிக்கிறது என்றெல்லாம் அடுக்கி, இதைத் தடைசெய்யலாமா என்று 50 பேரிடம் கேட்டார். 43 பேர் தடைசெய்யச் சொன்னார்கள். அந்தப் பொருள் தண்ணீர். சிரித்து முடிக்கும்போது பெயரிடும் முறையும் படிந்துவிடுகிறது. 'கெமிக்கல் இல்லாத இயற்கைப் பொருள்' என்ற விளம்பரத்தைப் பார்க்கிற பார்வையும் மாறிவிடுகிறது.

நம்பிக்கை 8: கேள்வி கேட்பது ஆசிரியர் வேலை, பதில் சொல்வது மாணவர் வேலை.

உண்மை: மலையேறுகிற வழியில் டீக்கடையில் ஒரு கட்டன் சாயா வாங்குங்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் செந்நிறத் தேநீர் வெளிறிப்போகும். 'சாறு சேர்ந்து நீர்த்துப்போச்சு' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சரிதானா என்று பார்ப்பது சுலபம்: இன்னொரு கிளாஸில் அதே அளவு வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். நிறம் அவ்வளவாக மாறாது. ஆகவே காரணம் அளவல்ல, அமிலம். தேநீரின் நிறத்துக்குக் காரணமான தியாரூபிஜின்கள் வலிமை குறைந்த அமிலங்கள். அயனியாகப் பிரிந்த நிலையில் நிறம் அடர்த்தி, பிரியாத நிலையில் வெளிறல். எலுமிச்சையின் அமிலம் சமநிலையைப் பிரியாத பக்கம் தள்ளுகிறது. அப்படியென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நிறம் கறுக்க வேண்டுமே? போட்டுப் பாருங்கள், கறுக்கும். லீ சாட்லியர் தத்துவம், வலிமை குறைந்த அமிலம், நிறங்காட்டி ஆகிய மூன்று பாடங்களும் ஒரே கிளாஸில். நீங்களே கேட்டு நீங்களே சோதித்த விடையை மறப்பது கடினம். சோடா போட்ட சாயாவை மட்டும் குடிக்காதீர்கள், சகிக்காது.

ஆக, தீர்ப்பு இது. காரணம் சொல்ல முடியாததற்கு நினைவுக் குறிப்பு; காரணம் உள்ளதற்குக் கேள்வி; இரண்டும் சலிக்காமல் இருக்கப் பாடத்தோடு ஒட்டிய சிரிப்பு. இடம் மாற்றிப் போட்டால்தான் சிக்கல்: காரணம் உள்ளதை உருப்போடுவது, காரணம் இல்லாததற்குக் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வது.

இன்றைக்குப் படித்த பக்கத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் அதிலிருந்து மூன்று கேள்விகள் எழுதுங்கள். ஒன்றாவது உங்களுக்கு விடை தெரியாததாக இருக்கட்டும். நாளைக்கு வகுப்பில் கையைத் தூக்கி அதைக் கேளுங்கள்.