கடற்கரையா, சேர்வராயன் மலையா?

கேள்வி: நான் ஈரோட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்த களைப்புத் தீர, ஏப்ரல் மாதக் கடைசியில் கணவர், இரு குழந்தைகள், எழுபது வயதைக் கடந்த மாமியார் ஆகியோருடன் மூன்று நாட்கள் எங்கேனும் போய் இருந்துவிட்டு வர ஆசை. கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கணவர் ஏற்காடே போதும் என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. எது உசிதம்?

– ஓர் ஆசிரியை, ஈரோடு

பதில்: தங்கள் கணவரின் அபிப்பிராயமே எனக்கும் சரியென்று படுகிறது; ஆயினும் குழந்தைகளின் ஆசை ஏன் இந்தப் பருவத்திற்குப் பொருந்தாது என்பதை அவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிவிடுவது நியாயம். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கீழைக் கடற்கரையில் பிற்பகல்தோறும் எழும் கடற்காற்று உஷ்ணத்தை ஓரளவு தணிப்பது மெய்யே எனினும், அது சுமந்து வரும் ஈரத்தினால் உடலில் அரும்பிய வியர்வை உலராமல், நிழலில் அமர்ந்திருப்பவருக்கும் புழுக்கம் நீங்குவதில்லை. நடுப்பகலிலோ மணலில் வெறுங்காலை வைக்கவே இயலாது. மலையின் இயல்பு வேறு. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறக்குறைய 6 டிகிரி வீதம் வெப்பம் குறைந்துகொண்டே போவதால், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் தாழ்ந்த சமவெளியில் தகித்துக்கிடக்கும் சேலத்தை விட்டு, சுமார் 30 கிலோமீட்டர் பிரயாணத்தில், ஐயாயிரம் அடியை நெருங்கும் ஏற்காட்டை அடைகிறவர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அவகாசத்திலேயே ஏழெட்டு டிகிரி உஷ்ணத்தைக் கீழே விட்டுவிடுகிறார். மூன்று நாள் விடுமுறையில் போவதற்கு ஒரு நாளும் வருவதற்கு ஒரு நாளும் கொடுத்துவிட்டால் இளைப்பாற எஞ்சுவது ஒரே நாள் என்பதையும் தாங்கள் யோசிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மாமியாரை முன்னிருக்கையில் அமர்த்தி, காலைச் சிற்றுண்டியை இரண்டு இட்லியோடு நிறுத்தி, வளைவுகளில் நிதானமாகத் திருப்பும்படி வண்டி ஓட்டுபவரிடம் முன்னதாகவே சொல்லிவைத்தால், தலைசுற்றலும் குமட்டலும் பெரும்பாலும் வாரா.

தங்குமிடத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. ஏரிக்கரையின் சந்தடியில் அறை எடுப்பதைவிட, சற்று உள்ளே தள்ளி, காப்பித் தோட்டம் ஒன்றினுள் அமைந்த விடுதியைத் தேடிப் பிடிப்பதே சிலாக்கியம். 1820-ஆம் ஆண்டையொட்டி, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்து வைத்தது முதலாக, இரண்டு நூற்றாண்டுகளாய் இம்மலையின் வாழ்வும் வாசனையும் அந்தச் செடியோடு பின்னிக் கிடக்கின்றன. நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அம்மரங்களைத் தழுவி மிளகுக் கொடிகள் ஏற, அவற்றின் அடியில் மார்பளவு உயரத்துக்குக் கவாத்து செய்யப்பட்ட காப்பிச் செடிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பாதைகளில், வெயில் தரைக்கு எட்டுவதற்குள் மெல்ல நடந்து வருவதைக் காட்டிலும் உயர்ந்த சிரமபரிகாரத்தை நான் அறியேன். கோடையின் முதல் மழை நன்றாக இறங்கிய எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெண்மையாகப் பூத்து, மல்லிகையை ஒத்த மணத்தைப் பரப்பிவிட்டு, இரண்டு மூன்று தினங்களில் அப்பூக்கள் வாடிவிடும். வழக்கமாக மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ நிகழும் இந்தப் பூப்பு, மழை தாமதித்த ஆண்டுகளில் தள்ளிப்போவதும் உண்டாதலால், அறைக்குச் சொல்லும்போதே தோட்டத்தாரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பழம் பறிப்பதைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை, மார்கழியில்தான் வர வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நாளுக்கு ஓர் இடம் போதும். கடல் கேட்ட குழந்தைகளை முதல் நாள் மாலை ஏரியில் படகில் ஏற்றுங்கள். மறுநாள், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையினர் 1963-இல் நிறுவிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால், மேகாலயத்தின் காசி மலையைத் தாயகமாகக் கொண்ட பூச்சியுண்ணும் குடுவைச் செடியைத் தாங்களே பாடம் நடத்திக் காட்டலாம். பெண்கள் ஆசனம் என்னும் மலைமுகப்பில் அந்தி வேளையில் அமர்ந்து, கீழே சேலம் நகரம் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்ப்பதற்கு மாமியாரும் சிரமமின்றி வரலாம். சேர்வராயன் கோயிலும் அவருக்கு உகந்தது. மலையின் உச்சியில், குகையொன்றினுள், சேர்வராயரும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கும் அந்த ஸ்தலம் இம்மலையில் நெடுங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் குலதெய்வ ஸ்தானம். அவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சியிலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களது கர்ணபரம்பரை. குகை வாயில் தாழ்வானதாகையால், மாமியார் குனிய இயலாவிடில் வெளியே நின்றே தரிசிக்கட்டும். கிளியூர் அருவிக்கு அவரை அழைத்துச் செல்லாதீர்கள். செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும், கோடையில் நீரும் சொற்பமே.

மே மாதத்துக் கோடை விழாவின்போது கூட்டம் பெருகி அறைகளின் வாடகையும் ஏறிவிடும். தாங்கள் எண்ணியபடி ஏப்ரலிலேயே, சனி ஞாயிறு தவிர்த்து, போய் வந்துவிடுங்கள். கம்பளிச் சால்வை ஒன்றை மாமியாருக்கு எடுத்துச் செல்லுங்கள், இரவில் தேவைப்படும்.

குழந்தைகளின் கடலைப் பொங்கல் விடுமுறைக்கு ஒத்திவைக்கலாம். அப்போது மழை ஓய்ந்து, வெயிலும் இதமாகிவிடும். மயிலாடுதுறை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சாலை வழியே தரங்கம்பாடியை அடைந்தால், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்பதையும் காணலாம். அலை வேகமான இடமாகையால் குழந்தைகளைக் கணுக்காலுக்கு மேல் நீரில் இறங்க விட வேண்டாம்.